மாலை அசைந்த இடம்

அந்த நாற்காலியில உட்காராதம்மா. இந்தா, இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கோ. அது சாயங்காலத்துக்கு உள்ளது. உன் படம் முடிஞ்சதும் நீதானே அதுல உட்காரப் போற, அதுக்குள்ள என்ன அவசரம்.

பஸ்ல நின்னுக்கிட்டா வந்த? ஞாயித்துக்கிழமைன்னா அப்படித்தான். காப்பி சொல்லியிருக்கேன், வரும். படம் பொழுது அடைஞ்ச பிறகுதான், நம்மளை மட்டும் எதுக்கு இந்த மனுஷன் முன்கூட்டியே வரச் சொன்னாருன்னு நினைப்ப. ரெண்டு காரணம். ஒண்ணு, எங்க கழகத்து முறை உனக்குத் தெரியணும். தெரியாம வந்து மாட்டிக்கிட்டு, பிறகு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுப் போனவங்க உண்டு. இன்னொண்ணு, உன்கிட்ட டெக்னிக்கலா ஒரு விஷயம் கேக்கணும். நீ எடிட்டிங்கும் படிச்ச பிள்ளைன்னு சொன்னாங்க. அது கடைசியில.

சங்கரன்கோவில்னா வெளியூர்க்காரனுக்கு ஆடித்தபசு தெரியும், பிரியாணி தெரியும். ஜவுளிக்கடை மாடியில இப்படி ஒரு திரைப்படக் கழகம் இருக்குன்னு தெரியாது. ஆனா தெரியவேண்டியவங்களுக்குத் தெரியும். சங்கரன்கோவில்ல காட்டித் தப்பிச்ச படம் எங்க போனாலும் தப்பிச்சிரும்னு ஒரு பேச்சு உண்டு. வருஷத்துல ஒரு சாயங்காலம் நம்ம பக்கத்துப் பிள்ளைங்க எடுத்த படத்தை மட்டும் போடுவோம். கம்பெனி கிடையாது, நட்சத்திரம் கிடையாது, கடனை வாங்கியோ கேமராவை இரவல் வாங்கியோ அவங்களா எடுத்தது. மண்ணின் படங்கள்னு பேரு. பேரு வச்சது நான்தான். அதை விடு.

முறை ரெண்டே ரெண்டு. படத்துக்கு முன்னால முன்னுரை கிடையாது. இன்னார் எடுத்தாரு, இன்ன பாடுபட்டாரு, இதுல நடிச்சவரு அவரோட மாமா, இந்தக் கதையெல்லாம் கூடாது. படம் தானாப் பேசணும். அடுத்தது, படம் முடிஞ்சதும் எடுத்தவர் இந்த நாற்காலியில சபையைப் பாத்து உட்காரணும். எல்லாரும் பேசி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. ஆமான்னு தலையாட்டக் கூடாது, இல்லைன்னும் ஆட்டக் கூடாது. எல்லாரும் முடிச்ச பிறகு அவருக்கும் நேரம் உண்டு, எவ்வளவு வேணாலும் பேசலாம். பெரும்பாலும் பேசமாட்டாங்க. பேசுறதுக்கு என்ன இருக்கும்?

மூடிப்போன ஒரு டாக்கீஸ்ல மேனேஜர் உட்கார்ந்த நாற்காலி அது. தேக்கு. கைப்பிடி நுனியைப் பாரு, பளபளன்னு இருக்கா? பாலிஷ் இல்லம்மா. அத்தனை கை பிடிச்சது.

என்ன? உன் படத்துல வர்ற அந்தப் பெரியவர் யாருன்னு சொல்ல வாரியா? வேண்டாம், சொல்லாத. எங்கிட்டன்னாலும் சொல்லக் கூடாது. சொன்னா என் பார்வை கெட்டுப் போயிரும்.

என் பார்வைக்கு இங்க ஒரு மதிப்பு உண்டு. நானாச் சொல்லிக்கக் கூடாது. பேங்க்ல வேலை பாத்தவன், கள்ளக் கையெழுத்தைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருந்தே கண்டுபிடிச்சவன். படத்துல ஒரு பிரேம் என் கண்ணுக்குத் தப்பாது. காலேஜ்ல இங்கிலீஷ் நடத்தின தளவாய் சார் இருக்காரு, அவரு லேசுல யாரையும் ஒத்துக்கமாட்டாரு, அவரே சொல்லுவாரு, கோமதிநாயகம் பாத்தேன்னு சொன்னா அது இருக்கும்னு. அதுக்காகத்தான் இங்க நடந்த ஒரு கதையை உன்கிட்டச் சொல்லுதேன். வெளியில யாராவது உனக்குக் கோணலாச் சொல்லியிருப்பாங்க. சொல்லலையா? சொல்லுவாங்க. அதுக்கு முன்னாடி நான் சொல்லிருதேன். எனக்கு மனசுல ஒண்ணும் கிடையாது.

உச்சிமாகாளின்னு ஒரு பையன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால வீடியோ கடை வச்சிருக்கான். கல்யாணம், சடங்கு, காதுகுத்து, சாவு விழுந்த துட்டி வீடு, எது நடந்தாலும் கேமராவைத் தூக்கிட்டுப் போவான். எங்க பக்கம் துட்டி வீட்டுக்கும் வீடியோ எடுக்கிறது வழக்கம், உனக்குத் தெரியாததா. வெளிநாட்டுல இருக்கிற பிள்ளைங்க பாக்கணும்லா. அந்தப் பையனுக்கு ஒரு ஆசை, நாமளும் ஒரு படம் எடுக்கணும்னு. அவங்கப்பா விசைத்தறி ஓட்டினவரு. அவரையே வச்சு, தறியில நிக்கிறது, நூல் அறுந்தா முடிச்சுப் போடுறது, டீ குடிக்கிறது, இப்படியே ஒரு படம். கதைன்னு ஒண்ணும் பெருசா இல்ல. கடைசியில அந்தத் தறிக்காரரு செத்துப் போறாரு. பெஞ்சுல படுக்க வச்சு மாலை போட்டிருக்கு. பொண்டாட்டி மேல விழுந்து அழுதா. அது ரொம்ப நேரம் வருது. அதோட படம் முடியுது.

அதை இங்க போட்ட அன்னைக்கு மூணு படம். அவன் படம் கடைசி. இடையில பலகாரம் குடுத்தாங்க, முந்திரிக்கொத்து. யாரோ வீட்டுல செஞ்சு ஒரு தூக்குவாளி நிறையக் கொண்டாந்திருந்தாங்க. நல்ல பலகாரம். தளவாய் ரெண்டு எடுத்துக்கிட்டாரு. நானும் கையில ஒண்ணை வச்சுக் கடிச்சுக்கிட்டேதான் அந்தப் படத்தைப் பாத்தேன். யாரு கொண்டாந்தான்னு அப்பத் தெரியாது.

படம் முடிஞ்சு விளக்கைப் போட்டாச்சு. பையன் வந்து நாற்காலியில உட்கார்ந்தான். புதுச்சட்டை. நான்தான் தலைமை. தளவாய் ஆரம்பிச்சாரு. அவரு எப்பவும் மெதுவாத்தான் பேசுவாரு. கேமராமேனுக்குக் குளிர்காய்ச்சலான்னு கேட்டாரு. அவரு கேட்டதுல தப்பு இல்லம்மா, அந்தச் சாவு சீன்ல கேமரா ஆடுது, ஃபோகஸ் போகுது வருது, ஒரு இடத்துல தரையைக் காட்டுது. வெளிநாட்டுப் படத்தைப் பாத்துட்டு அதே மாதிரி ஆட்டிப் பாக்கிற வியாதி நம்ம பிள்ளைங்களுக்கு உண்டு. சபையில லேசாச் சிரிப்பு வந்துச்சு. அடுத்து ஜவுளிக்கடை ஆவுடையப்பன், இந்த மாடி அவருது. அவரு சொன்னாரு, அந்தம்மா அழுகை மேடை நாடகத்துக்கே கூடுதல், படத்துலயே ஒழுங்கா நடிச்சது பிணமா நடிச்சவரு மட்டும்தான்னு.

சிரிச்சாங்க பாரு. கொஞ்சம் நேரம் ஆச்சு அடங்க.

அந்த நேரத்துல எனக்கு ஒண்ணு தோணுச்சு. சபைன்னா ஒரு தாளம் உண்டும்மா, அதுல சரியா விழணும். நான் எந்திரிச்சு, ஆவுடையப்பன் சொன்னதை நான் ஒத்துக்கமாட்டேன்னேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. "பிணம் மூச்சு விடுது. நான் பாத்தேன்."

இன்னைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறவங்க இருக்காங்க. காப்பி கொண்டாந்த ஆளு கிளாஸைக் கீழ வச்சுட்டுச் சிரிச்சான். பையன் கைப்பிடியை இறுக்கிப் பிடிச்சிருந்தான். ஒரு தடவை வாயைத் திறந்தான். நான் விரலைக் காட்டினேன். மூடிக்கிட்டான். அந்த விஷயத்துல ஒழுக்கமான பையன், குறை சொல்லக் கூடாது.

எல்லாரும் பேசி முடிச்சாச்சு. உன் முறை, பேசுப்பான்னேன். எந்திரிச்சு நின்னான். "அது எங்கப்பா சார். நிஜமாவே செத்த அன்னைக்கு எடுத்தது." அவ்வளவுதான் சொன்னான். உட்கார்ந்துட்டான்.

பாதிப் படம் எடுத்துக்கிட்டு இருக்கும்போதே அவரு போயிட்டாராம். விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னு எந்திரிச்சாராம், தண்ணி கேட்டாராம், சாஞ்சுட்டாராம். இவன் அழுதுக்கிட்டே கேமராவை எடுத்துருக்கான். கை பழகின தொழில் பாரு, வேற என்ன செய்யத் தெரியும். பிறகு அதையே படத்துக்கு முடிவா வச்சுட்டான்.

தளவாய் கண்ணாடியைக் கழத்தித் துடைக்காரு. ஆவுடையப்பன் தரையைப் பாக்காரு. அந்த மாதிரி நேரத்துல ஒருத்தன் சபையைத் தாங்கணும்மா, இல்லைன்னா கழகம் போயிரும். நான்தான் தாங்கினேன். அப்படின்னா இது இன்னும் பெரிய தப்புன்னு சொன்னேன். பெத்த தகப்பனோட சாவை விக்கலாமா, அறம்னு ஒண்ணு இல்லையா, கேமரா வச்சிருக்கிற கைக்கு ஒரு கூச்சம் வேண்டாமான்னு கேட்டேன். நல்லாப் பேசினேன். எல்லாருக்கும் மூச்சு வந்துச்சு. கை தட்டினாங்க.

அதோட அது முடிஞ்சிருக்கணும். நாற்காலியெல்லாம் மடக்கிக்கிட்டு இருக்கோம், பின் வரிசையில இருந்து ஒரு அம்மா தூக்குவாளியோட வந்தா. முந்திரிக்கொத்து கொண்டாந்தது அவதான். பேரு வெள்ளத்தாய். பையனோட அம்மா. படத்துல அழுத பொம்பளை. நேர்ல பாத்தா அடையாளம் தெரியலை, அழாத முகம் வேற மாதிரி இருந்துச்சு. சண்டைக்கு வாரான்னு நினைச்சேன். இல்ல. என் முன்னால வந்து நின்னு, சத்தமே இல்லாமக் கேட்டா.

"அவுக மூச்சு விட்டாகன்னு சொன்னீயளே சார். அது எந்த இடத்துல?"

எனக்கு முதல்ல புரியலை. பிறகு புரிஞ்சுச்சு. நாடி பிடிச்சுப் பாத்து முடிஞ்சுட்டுன்னு சொன்னது தெருவுல இருந்த ஒரு கம்பவுண்டராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகலை. அன்னைக்கே எடுத்துட்டாங்க. கொள்ளி வச்சது இந்த உச்சிமாகாளி. ஒரு பேங்க் ஆபீசர், இத்தனை பேரு மதிக்கிற ஆளு, மைக்குல நின்னு நான் பாத்தேன்னு சொல்லியிருக்கேன். அவ நம்பிட்டா. படிக்காதவங்ககிட்ட உள்ள சங்கடமே இதான், கேலி எது, பேச்சு எதுன்னு தெரியாது.

நான் என்ன சொல்லணும்? நீ சொல்லு. சும்மா சொன்னேன்னா? இத்தனை வருஷம் ஒரு பிரேம் தப்பாம பாத்தவன், பாக்காததைப் பாத்தேன்னு சொன்னேன்னு என் வாயாலயே சொல்லணுமா? அப்படிச் சொன்னா நாளைக்கு நான் எந்தப் படத்தைப் பத்திச் சொன்னாலும் மதிப்பு இருக்குமா? சபையில சொன்னதைத் திரும்ப வாங்குறது எங்க கழகத்துல இல்ல. பிறகு பேசலாம், போயிட்டு வாங்கம்மான்னு அனுப்பி வச்சேன். மரியாதையாத்தான் சொன்னேன்.

அவ வீட்டுக்கே வர ஆரம்பிச்சுட்டா. எப்படி விலாசம் தெரிஞ்சுச்சோ. வாசல்ல நிப்பா. என் வீட்டுக்காரி சண்முகவடிவு அவளை உள்ள கூட்டிட்டுப் போயி அடுப்படியில உட்கார வச்சுக் காப்பி குடுப்பா. வடிவுக்கு எல்லாரும் வேணும், அவ குணம் அப்படி. அவ வந்து எங்கிட்டச் சொன்னா, "ஏங்க, கேலிக்குச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்களேன். அவ வீட்டுக்குப் போயி தூங்குவா."

நான் வடிவுக்கு விளக்கிச் சொன்னேன். திரையில தெரியிறது ஒண்ணு, நடந்தது ஒண்ணு, பாக்கிறவனுக்குத் தெரியிறதுதான் படம், அதுல நிஜம் பொய்னு கிடையாதுன்னு. பொறுமையாத்தான் சொன்னேன். அவ முழுசும் கேட்டுட்டு, அப்ப உங்களுக்குத் தெரிஞ்சுச்சா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கன்னா. என் கூட முப்பது வருஷத்துக்கு மேல குடும்பம் நடத்தியும் அவளுக்கு சினிமா புரியலை.

கடைசியில ஒருநாள் பையனே அம்மாவைக் கூட்டிக்கிட்டு லேப்டாப்போட வந்துட்டான். சார், படத்தைப் போடுதேன், எந்த இடம்னு காட்டுங்க, இல்லைன்னா இல்லைன்னு அம்மாகிட்டச் சொல்லிருங்க சார்னான். என் வீட்டு முன்னறையில, என் மேஜையில வச்சுப் போட்டான். வடிவு கதவுல சாஞ்சு நிக்கா. நாலு பேரும் பாத்தோம். பெஞ்சு, மாலை, அழுகை. நான் பாத்தேம்மா. எனக்குப் பொய் சொல்ல வராது. கேமரா ஆடும்போது மாலையும் ஆடத்தானே செய்யும். ஒரு இடத்துல நெஞ்சு மேல உள்ள செவ்வந்தி மாலை லேசா மேல போயி இறங்குற மாதிரி இருந்துச்சு. நான் விரலை வச்சுக் காட்டினேன். இந்தா, இங்க.

அவன் சொன்னான், "சார், அது என் கை. என் கை ஆடுது சார்."

அவ மகனைப் பாக்கா, என்னைப் பாக்கா, மறுபடியும் திரையைப் பாக்கா. "உன் கையா, அவுக மூச்சா?"

அவன் எங்கிட்டக் கண்ணாலயே கெஞ்சினான். நான் ஒண்ணும் சொல்லலை. பாக்கிறவங்க சுதந்திரம் அது, நான் எப்படித் தலையிட முடியும்? அவன் லேப்டாப்பை மூடினான். அம்மா கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான். வடிவு அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு போட்டு வச்சுட்டுப் போயிப் படுத்துட்டா. அதுக்குப் பிறகு எங்கிட்டப் பேச்சைக் குறைச்சுக்கிட்டா. கேட்டதுக்குப் பதில் வரும், அவளா ஒண்ணும் பேசமாட்டா. சரி, எல்லா வீட்டுலயும் உள்ளதுதானே.

அவங்க வீட்டுக் கதையெல்லாம் எனக்கு வடிவு மூலமாத்தான் தெரியும். அவ அங்க போக ஆரம்பிச்சுட்டா, எங்கிட்டக் கேட்கலை, போனா. வெள்ளத்தாய் தலைத்திவசம் குடுக்கவிடலையாம். சொந்தக்காரங்க வந்து சத்தம் போட்டிருக்காங்க, முடியாதுன்னுட்டாளாம். மகன் தூங்கும்போது பக்கத்துல உட்கார்ந்து மூக்குக்கிட்டக் கையை வச்சுப் பாத்துக்கிட்டே இருப்பாளாம். அவன் முழிச்சுட்டான்னா, ஒண்ணுமில்ல படுத்துக்கோன்னு சொல்லுவாளாம். அந்தப் பையன் படம் எடுக்கிறதை விட்டுட்டான். எடுத்ததையும் எங்கயும் அனுப்பலை. இதுல இருந்தே தெரியலையா, உள்ள சரக்கு இல்ல. விமர்சனம் தாங்காதவன் கலைக்கு ஆகமாட்டான். நான் அப்பவே சொன்னேன்.

காப்பி வந்துட்டு. குடி. சீனி பத்தலைன்னா சொல்லு.

போன தை மாசம் வடிவு போயிட்டா.

இருக்கட்டும்மா, நீ எந்திரிக்காத. கோலம் போட்டுட்டு உள்ள வந்தவ அடுப்படியில சரிஞ்சுட்டா. நான் பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். பாத்திரம் விழுந்த சத்தம்னு நினைச்சேன். நம்ம டாக்டரே வந்து பாத்தாரு, கம்பவுண்டர் இல்ல, எம்.டி. படிச்ச டாக்டர், பாத்துட்டு என் தோளைத் தொட்டாரு. ஐஸ் பெட்டி கொண்டாந்தாங்க. கண்ணாடி மூடி போட்ட பெட்டி, நல்ல பெட்டி. எங்க மக சங்கரி மெல்போர்ன்ல இருக்கா, அவளுக்கு ஒன்பதாம் மாசம், பிளேன்ல ஏத்தமாட்டேன்னுட்டாங்க. அவ பாக்கணும்னுதான் வீடியோவுக்குச் சொன்னது. என் மச்சினன் போன் பண்ணியிருக்கான், யாரு கடைன்னு பாக்கலை. வந்து நிக்கிறது உச்சிமாகாளி.

என்னைப் பாத்துக் கும்பிட்டான். ஸ்டாண்டை விரிச்சு, கேமராவை அதுல மாட்டி, பெட்டியைப் பாத்து வச்சுட்டான். கையில எடுக்கவே இல்ல. நான் அந்த நிலையிலயும் கவனிச்சேன். கத்துக்கிட்டான் பாத்தியா.

அவனுக்குப் பின்னாலயே வெள்ளத்தாயும் வந்தா. வந்தவ அழலை. பொம்பளைங்க கட்டிப் பிடிச்சு அழுறாங்க, இவ அதுல சேரலை. பெட்டிக்குப் பக்கத்துல தலைமாட்டுல உட்கார்ந்து, கண்ணாடி வழியா வடிவு நெஞ்சையே பாத்துக்கிட்டு இருந்தா. காலையில உட்கார்ந்தவ சாயங்காலம் எடுக்கிற வரைக்கும் நகரலை. யாரோ காப்பி நீட்டினாங்க, வாங்கலை. என் தங்கச்சி எங்கிட்ட வந்து, யாரு இந்தப் பொம்பளை, இப்படி முறைச்சுப் பாத்துக்கிட்டு இருக்கா, கண்ணு வைக்கிற மாதிரி இருக்குன்னா. விடுன்னேன்.

எடுக்கிற நேரம் ஆச்சு. முகம் பாக்கிறவங்க பாத்துக்கோங்கன்னு சத்தம் குடுத்தாங்க. எல்லாரும் வந்து பாத்துட்டுப் போறாங்க. வெள்ளத்தாய் எந்திரிச்சா. கால் மரத்துப் போயிருக்கும், சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டு, பிறகு எங்கிட்ட வந்தா. பக்கத்துல வந்து, எனக்கு மட்டும் கேக்கிற மாதிரிச் சொன்னா.

"நான் நல்லாப் பாத்துட்டேன் சார். மூச்சு இல்ல. நீங்க தைரியமா எடுக்கலாம்."

வடிவு காலைத் தொட்டுக் கும்பிட்டுட்டுப் போயிட்டா.

துட்டி வீட்டுல பேசுற பேச்சா இது? ஆறுதலா நாலு வார்த்தை சொல்லத் தெரியலை. ஆனா நான் ஒண்ணும் மனசுல வச்சுக்கலை. படிக்காதவ, அவளுக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். எங்களுக்கு ஆண்பிள்ளை இல்லாததால நான்தான் கொள்ளி வச்சேன். முறைப்படி எல்லாம் நடந்துச்சு. காரியத்துக்குக் கழகத்துக்காரங்க எல்லாரும் வந்தாங்க. தளவாய் கூட இருந்து எல்லாம் பாத்துக்கிட்டாரு.

அதை விடு. இப்ப உன்கிட்டக் கேக்கணும்னு சொன்னேன்லா, அந்த டெக்னிக்கலான விஷயம்.

அவன் பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தான். சங்கரிக்கு அனுப்பணும்னு நானும் உட்கார்ந்து பாத்தேன். பாக்காம அனுப்ப முடியாதே, எதையாவது வெட்ட வேண்டியிருக்கும். பாத்துக்கிட்டே வாரேன், ஒரு இடத்துல... நான் போன்ல ஏத்தி வச்சிருக்கேன், இரு. கண்ணாடியைப் போட்டுக்கிடுதேன். அவளுக்கு இன்னும் அனுப்பலை. கேட்டுக்கிட்டே இருக்கா, பேரன் பிறந்து தவழ ஆரம்பிச்சுட்டான், அம்மா வீடியோ என்ன ஆச்சுப்பான்னு. இதை ஒரு முடிவுக்குக் கொண்டு வந்துட்டு அனுப்பலாம்னு இருக்கேன்.

இந்தா, பிடி. வெளிச்சம் விழாம திருப்பிக்கோ. இந்த இடம்தான். வடிவு முகத்தைப் பாக்காத. நெஞ்சு மேல அந்த ரோஜா மாலையைப் பாரு. பாத்துக்கிட்டே இரு. இப்ப.

தெரிஞ்சுச்சா?

மறுபடியும் போடுதேன். இப்ப.

பெட்டி மூடியிருக்கு, காத்து போக வழியில்ல. கேமரா ஆடலை. அவன் கையில எடுத்திருந்தா கைன்னு சொல்லலாம், ஸ்டாண்டுல வச்சுட்டானே. இது ஐஸ் பெட்டி மோட்டார் அதிர்வாத்தான் இருக்கும். இல்லைன்னா கண்ணாடியில யாரோ குறுக்க போன நிழல். இல்லைன்னா பென்டிரைவ்ல ஏத்தும்போது படம் விட்டு விட்டுப் பதிஞ்சிருக்கும், அப்படி ஆகும்லா? நீ படிச்ச பிள்ளை, உனக்குத் தெரியும். நான் டாக்டர்கிட்டக் கேட்டேன், அவரு என் கையைப் பிடிச்சுக்கிட்டு மாத்திரை எழுதிக் குடுத்தாரு. உச்சிமாகாளி கடைக்கும் போனேன். அவன் ஓட்டிப் பாத்தான், நான் காட்டின இடத்தைப் பாத்தான், திரும்ப ஒருக்கா ஓட்டினான். ஒண்ணும் சொல்லாம என் கையில குடுத்துட்டான். அன்னைக்கு இந்த நாற்காலியில உட்கார்ந்த மாதிரியே இருந்தான். பழைய கோபம், வேற என்ன. உள்ள இருந்து வெள்ளத்தாய் எட்டிப் பாத்தா. அவகிட்ட நான் கேக்கலை. அவ அன்னைக்கே சொன்னதுதானே. ஆனா அவ என்ன, பேங்க் ஆபீசரா, டாக்டரா? அவ பாத்ததை வச்சு எப்படி?

எனக்காகக் கேக்கலம்மா. எனக்கு ஒண்ணும் சந்தேகம் கிடையாது. டாக்டர் பாத்துச் சொன்னது. டெக்னிக்கலாத் தெரிஞ்சுக்கலாம்னுதான்.

இரு. படியில சத்தம் கேக்குது. தளவாய்தான், செருப்புச் சத்தத்துலயே தெரியும். போனைக் குடு, குடு.

என்ன சொல்ல வந்த? இப்ப வேண்டாம், அவங்க காதுல விழும். எல்லாம் முடிஞ்ச பிறகு, எல்லாரும் போன பிறகு சொல்லு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கோ. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு. இந்த மனுஷன் மனசு ஆறட்டும்னு சும்மா எதையாவது சொல்லிராத.

இல்ல. சும்மா சொன்னாலும் பரவாயில்ல.

வாங்க தளவாய் சார், வாங்க. ஆவுடையப்பன் கீழ இருக்காரா? இதுதான் நம்ம இன்னைக்கு டைரக்டர். இல்ல சார், படத்தைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. முறை தெரிஞ்ச பிள்ளை. வந்ததுல இருந்து வாயே திறக்கலை.